ஹேட்டிக்கு இரண்டு பள்ளிக்கூடம்

விரபீல்
டிசம்பர் 9

அன்புள்ள பிரான்வின்,

இங்கே அம்மா, உன் தங்கை ஹேட்டி, நான் மூன்று பேரும் சௌக்கியம், என் இடது காறை எலும்பைத் தவிர. அதுவும் கூடிக்கொண்டு வருகிறது என்று டாக்டர் சொல்கிறார். இங்கே டிசம்பர் வெயில் கொளுத்துகிறது. நீயும் அந்த நார்வேக் குளிரில் பத்து விரலும் குறையாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். அம்மா நாற்பது நிமிஷம் பேசி முடித்துவிட்டு போனை என்னிடம் நீட்டும்போது நமக்கு மிஞ்சுவது மழையும் கோதுமை விலையும்தான். நான் சொல்ல வந்தது அதற்குள் அடங்காது, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எலும்பை உடைத்தது நம் புதுக் கிடா. நவம்பர் முதல் வாரம் நான் பட்டியின் கதவைத் திறந்தேன், அது நான் நகரும் வரை காத்திருக்கவில்லை, அவ்வளவுதான். பார்லி அறுக்கத் தயாராக நிற்கிறது, எனக்குக் கையைத் தூளிபோல் கட்டித் தொங்கவிட்டார்கள், ஆகவே அறுப்பு மிஷினில் அம்மா ஏறிவிட்டாள். என்னைவிட நேராக ஓட்டுகிறாள் என்று ஊரில் மூன்று பேர் தனித்தனியாக வந்து எனக்குத் தெரிவித்தார்கள். நான் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்ததைப் பார்த்து அம்மா சொன்னாள், "உங்களால ஆகுற வேலை இப்ப ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. ஹேட்டிக்கு ஸ்கூல் அறிமுக நாள் வருது. இங்க ஒண்ணு, மெர்ரிங்டன்ல ஒண்ணு. ரெண்டையும் பாத்துட்டு வந்து எதுன்னு நீங்களே சொல்லிடுங்க." கிண்டல் செய்கிறாளா என்று பார்த்தேன். அதற்குள் மிஷினைக் கிளப்பிவிட்டாள். பள்ளிக்கூட விஷயத்தில் இந்த வீட்டில் என்னிடம் முடிவு கேட்கப்பட்டது அதுதான் முதல் தடவை.

மெர்ரிங்டன் முதலில் வந்தது. அறுபத்திரண்டு கிலோமீட்டர், எனக்கு வண்டி ஓட்டத் தடை, அதனால் தபால் ஆபீஸ் நொரீனின் வேனில் மூட்டைகளோடு நாங்கள் இருவரும் போனோம். எதற்குப் போகிறோம் என்று கேட்டாள், சொன்னேன். அதற்குப் பிறகு மெர்ரிங்டன் வந்து சேரும்வரை நொரீன் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுக்கு உடம்பு சரியில்லையோ என்று கவலைப்பட்டேன். பள்ளிக்கூடத்தில் ஐம்பத்திரண்டு புதுப் பிள்ளைகள். சட்டையில் பெயர் ஒட்டிக்கொண்டு வரிசையாக உள்ளே போனார்கள், ஹேட்டி திரும்பிப் பார்க்கவில்லை. பெற்றோரை நூலகத்தில் பிள்ளைகளுடைய நாற்காலியில் உட்காரவைத்தார்கள், என் முழங்கால் காதுவரை வந்தது. பக்கத்தில் இருந்த சின்ன வயசுப் பெண் என்னிடம், "தாத்தாவே வந்திருக்கீங்க, எவ்வளவு நல்ல விஷயம்!" என்றாள். ஐம்பத்து மூன்று வயசுக்கு அது சொல்லக்கூடியதுதான், நன்றி என்றேன். பிறகு தகப்பன் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டதை அவள் பார்த்துவிட்டு, கூட்டம் முடியும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வாமை வரும் என்பதால் கடலை கொண்டுவரக் கூடாது, தொப்பி இல்லாத பிள்ளைக்கு வெயிலில் விளையாட்டு இல்லை, அழுகிற பிள்ளையை விட்டுவிட்டுச் சட்டென்று போய்விட வேண்டும், அழுகிற பெற்றோருக்கு டீ உண்டு என்று தலைமை ஆசிரியை சொன்னார். கடைசியாக ஆளுக்கொரு அட்டை கொடுத்து, வருகிற வருஷத்தில் உங்கள் ஆசை என்ன, ஒரே வார்த்தையில் எழுதுங்கள் என்றார். மகிழ்ச்சி, தைரியம், நட்பு என்று ஒவ்வொருவராக வாசித்தார்கள். நான் மழை என்று எழுதியிருந்தேன். பிள்ளையைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. தலைமை ஆசிரியை நெஞ்சில் கைவைத்து, "எவ்வளவு ஆழம்!" என்றார். ஏப்ரல் மாதத்தில், விதைப்புக்கு என்று சேர்த்துச் சொன்னேன், யாரும் கவனிக்கவில்லை. ஹேட்டி காகிதக் கிரீடத்தோடு வெளியே வந்தாள். எப்படி இருந்தது என்றேன். "ஒருத்தன் கடிச்சான். எனக்கு ஒரு ஃபிரெண்டு கெடச்சிருக்கா," என்றாள். பேர் என்ன என்றேன். "கேக்கல. நாங்க பிஸியா இருந்தோம்," என்றாள்.

அடுத்த வாரம் நம் ஊர்ப் பள்ளிக்கூடம். நீ படித்தபோது பதினொரு பேர் இருந்தார்கள், இப்போது ஆறு. ஆறும் பையன்கள், அதில் மூன்று பேர் பிரூவெட் வீட்டுப் பையன்கள். ஏழுக்குக் கீழே இருந்தால் பள்ளியைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது, அந்த ஏழாவது ஹேட்டிதான் என்பது ஊரில் நாய்க்குக்கூடத் தெரியும். டீச்சர் இன்னமும் உன் கோரலி டன்ஸ்டன்தான். வேறு யாராவதாக இருந்தால் ஒரே ஒரு பிள்ளைக்கும் ஒரே ஒரு தகப்பனுக்கும் ஒரு டீயோடு முடித்திருப்பார்கள். டன்ஸ்டன் டீச்சர் அச்சடித்த நிகழ்ச்சிநிரலில் ஒரு வரியை விடவில்லை. என் சட்டையில் பெயர் ஒட்டினார். 'பெற்றோர்களே வருக' என்று திரையில் போட்டுவிட்டு எனக்கு வணக்கம் சொன்னார். பெற்றோர் சிறு குழுக்களாகப் பிரிந்து தங்கள் கவலைகளைப் பகிர்ந்துகொள்ளவும் என்று இருந்தது, நான் ஜன்னலோரமாகப் பிரிந்து போய் ஐந்து நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். பிறகு, "குழு என்ன பேசுச்சு?" என்றார். கழிப்பறை எங்கே என்று குழு கேட்கிறது என்றேன். அதைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டார். புதுப் பிள்ளைக்குத் துணையாக ஒரு பெரிய பிள்ளை என்பது வழக்கம், இங்கே ஆறு பேரும் துணையாக இருக்க ஆசைப்பட்டதால் ஆறு பேரையும் அவளோடு அனுப்பிவிட்டார். ஹேட்டி முன்னால் நடக்க ஆறு பையன்கள் பின்னால் வரிசையாக ஊஞ்சலுக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் போய்வந்தார்கள். நடுவில் அவள் என்னிடம் வந்து ரகசியமாக, "அப்பா, நான் நின்னா அவங்களும் நிக்கிறாங்க," என்றாள்.

பதினோரு மணிக்கு ஊர் வந்தது. மெர்ரிங்டன் போனது தெரிந்துவிட்டதா என்று நான் கேட்கவில்லை. மார்ஜ் பிரூவெட் கேக்கோடு வந்தாள், மதுக்கடைக்காரர் மனைவி கேக்கோடு வந்தாள், நொரீன் கேக்கோடு வந்தாள், மொத்தம் ஏழு கேக். "நாங்க ஒண்ணும் சொல்ல வரல லெஸ், கேக்கைக் குடுத்துட்டுப் போகத்தான் வந்தோம்," என்று மார்ஜ் சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தானியக் கிடங்கு கிளைவ் லாரிகளை எடைமேடையில் நிறுத்திவிட்டு ஓடிவந்திருந்தான். "நீ எங்க சேத்தாலும் உன் இஷ்டம்யா. யாரும் எதுவும் நெனைக்க மாட்டோம்," என்றான். கேக் தின்று முடிப்பதற்குள் அதையே மூன்று தடவை சொன்னான். மூன்றாவது தடவை சொல்லும்போது அவன் கண் கலங்கியிருந்தது, பட்டாணித் தூசி என்றான். இது பார்லி சீசன் என்று நான் சொல்லவில்லை.

எல்லோரும் போன பிறகு டீச்சர் நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்துக்கொண்டிருந்தார், நானும் ஒற்றைக் கையால் கவிழ்த்தேன். ஹேட்டி வெளியே ஊஞ்சலில் இருந்தாள். நான் நேராகவே கேட்டுவிட்டேன், உங்கள் பெண்ணாக இருந்தால் எங்கே சேர்ப்பீர்கள் என்று. அவர் கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தார். "மெர்ரிங்டன்," என்றார். நீங்கள் இன்று காலையிலிருந்து இவ்வளவும் செய்தீர்களே என்றேன். "அது என் வேலை. நீங்க கேட்டது வேற," என்றார். பிறகு, "பையன்கள் நல்ல பையன்கள். ஒரு மாசம் பின்னாடியே சுத்துவாங்க, அப்புறம் பந்து வெளையாடப் போயிடுவாங்க. பிரான்வினுக்கும் இதையேதான் சொல்லியிருப்பேன். அப்ப என்னை யாரும் கேக்கல," என்றார். எனக்குப் புரியவில்லை என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். "மொதல் ரெண்டு வருஷம் அவ மத்தியானம் சாப்பிட்டது என்கூடத்தான். தெரியாதா உங்களுக்கு? பொண்ணுன்னு வேற யாரும் இல்லையே. அந்தப் படியில உக்காந்து ரொட்டியில பாதியப் பிச்சு எனக்குக் குடுப்பா. அவ வச்சிருந்த ஜாம் எனக்குப் பிடிக்காது. ஒரு நாளும் நான் அதச் சொன்னதில்ல," என்றார். மீதி நாற்காலிகளையும் கவிழ்த்துவிட்டு நான் ஹேட்டியைக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

நேராக வயலுக்குப் போய் மிஷினை நிறுத்தச் சொல்லி அம்மாவிடம் கேட்டேன், பிரான்வின் மத்தியானம் டீச்சரோடு உட்கார்ந்து சாப்பிட்டது உனக்குத் தெரியுமா என்று. தெரியும் என்றாள். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றேன். "சொன்னேனே. இதே வயலுதான், இதே மாசந்தான். நீங்க தானியத்துல ஈரப்பதம் எவ்வளவு காட்டுதுன்னு கேட்டீங்க," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். நான் மெர்ரிங்டன் என்றேன். சரி என்று சொல்லிவிட்டு மறுபடி மிஷினைக் கிளப்பினாள்.

மறுநாள் டீச்சரிடம் நானே போய்ச் சொன்னேன், நொரீன் மூலமாக அவருக்குப் போகக் கூடாது என்று. நல்லது என்றார், மெர்ரிங்டன் போகிற பள்ளி பஸ்ஸில் முன் சீட்டில் உட்காரச் சொல்லுங்கள், பின்னால் குலுக்கும் என்றார். ஏழு கேக் டப்பாவையும் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. காலியாகக் கொடுக்கக் கூடாது என்று அம்மா ஒவ்வொன்றிலும் ஆறு எலுமிச்சம்பழம் போட்டுவிட்டாள். வீடு வீடாகப் போய், டப்பா இதோ, ஹேட்டி மெர்ரிங்டன் போகிறாள் என்று சொன்னேன். கிளைவ் வீட்டில் பழத்தை எண்ணிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான். நொரீன் இப்போது என் தபால்களை இரண்டு தடவை நிறுக்கிறாள். மார்ஜ் பிரூவெட் மட்டும் டப்பாவை வாங்கிக்கொண்டு, வாசலுக்கு வந்து, கதவைத் தனக்குப் பின்னால் மூடிவிட்டு, "அந்த பஸ்ஸு எங்க வாசல்லயும் நிக்குமான்னு கேட்டுச் சொல்றீங்களா? சின்னவனுக்கு வயசு ஒத்த பசங்க யாரும் இல்ல. நான் கேட்டேன்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க," என்றாள். சொல்லவில்லை. உனக்குச் சொன்னது கணக்கில் வராது. பள்ளிக்கூடம் அடுத்த வருஷம் திறக்கும் என்கிறார்கள், அதற்கு மேல் யாரும் எதுவும் சொல்வதில்லை. ஹேட்டிக்குச் சீருடை வாங்கியாயிற்று, தொப்பியோடு தூங்குகிறாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீ ஐந்து வயசில் பள்ளிக்கூடம் போன முதல் நாள் நான் எங்கே இருந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன், வேலிக்குக் கம்பி வாங்கப் போயிருந்தேன். கம்பி இன்னும் நன்றாக இருக்கிறது. நீ அந்தப் படியில் உட்கார்ந்திருந்த இரண்டு வருஷமும் நான் தினமும் அந்தப் பள்ளிக்கூடத்தைத் தாண்டித்தான் வண்டியில் போனேன், திரும்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். உனக்குக் கஷ்டமாக இருந்ததா என்று நான் கேட்டதில்லை, இப்போது கேட்கிறேன். பதிலைப் போனில் சொல்லாதே, அங்கே அம்மா இருப்பாள், நாம் இருவரும் கோதுமைக்குப் போய்விடுவோம். எழுது. கோபம் இருந்தால் அதையும் எழுது, கையெழுத்து மட்டும் தெளிவாக இருக்கட்டும், எனக்குக் கண்ணாடி மாற்ற வேண்டியிருக்கிறது.

படகு எஞ்சினில் வேலை செய்யும்போது மோதிரத்தைக் கழற்றி வை. உன் டிரைவிங் லைசன்ஸ் பிப்ரவரியில் முடிகிறது, மறந்துவிடாதே. ஜாம் எது பிடிக்கும் என்றும் எழுது, எனக்குத் தெரியாது, அம்மாவிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. அங்கே உன்கூட உட்கார்ந்து சாப்பிட ஆட்கள் இருக்கட்டும், நீ நன்றாக இரு.

இப்படிக்கு,
உன் அப்பா
லெஸ்லி ஹாக்கடே