ஒன்பதாவது நிமிடத்தில் ஒரு புள்ளி

தங்கச்சி,

நம் அலுவலக விசைப்பலகையில் முற்றுப்புள்ளி விசை மட்டும் தேய்ந்து வழவழவென்று கிடக்கிறது. புதிதாக வந்தவர்கள் வேறு வாங்கிவிடலாம் என்கிறார்கள். நான் விடவில்லை.

இணையத்தில் மனம்விட்டுப் பேச வரும் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பதில் எழுத, பாயான் பாரு தொழிற்சாலையில் காலை ஷிஃப்டு முடிந்த கையோடு மோட்டார் சைக்கிளில் வருவாய். ஒற்றை விரலால்தான் தட்டுவாய். "நீ பதில் போடுறதுக்குள்ள அந்தப் பிள்ளைக்குக் கல்யாணமே ஆயிடும்லா" என்று கேலி செய்வேன். "ஆகட்டும் அண்ணே, சாப்பாட்டுக்குப் போவோம்" என்பாய்.

பத்து நிமிடம் யாரும் எதுவும் எழுதாவிட்டால் உரையாடல் தானாக மூடிக்கொள்ளும். அப்படி அமைக்கச் சொன்னவன் நான்தான். மற்ற பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்களே என்று.

அன்று நான்காம் படிவம் படிக்கும் பதினாறு வயது மாணவி ஒருத்தி, "வீட்ல இருக்கவே பிடிக்கல அக்கா" என்று எழுதிவிட்டு அமைதியானாள். நீ கேட்ட எதற்கும் பதில் இல்லை. ஒன்பதாவது நிமிடத்தில் ஒரு புள்ளி அனுப்பினாய். இன்னொரு ஒன்பது நிமிடம் கழித்து மறுபடியும் ஒன்று. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"அது போயிடுச்சு, விடு. மத்த பிள்ளைங்க காத்துக்கிட்டு இருக்காங்க."

"பக்கத்துல யாராச்சும் நிப்பாங்க அண்ணே. ஹென்போன ஒளிச்சு வச்சிருக்கும். திரும்ப எடுத்துப் பார்க்கறப்ப நான் இருக்கணும்லா."

ஆறாவது புள்ளிக்குப் பிறகு அந்தப் பக்கமிருந்தும் ஒரு புள்ளி வந்தது. செத்துப்போக நினைத்திருந்ததை அதற்குப் பிறகுதான் சொன்னாள். நீ எண் கேட்டு அழைத்த அவளுடைய பெரியம்மா அவள் பக்கத்தில் வந்துவிட்டார் என்ற செய்தி வரும்வரை நீ நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை.

அதற்கு முன் என் விதி எத்தனை பிள்ளைகளின் முகத்தில் கதவைச் சாத்தியதோ, தெரியாது. அப்போதும் நான் அதை மாற்றவில்லை. நீ புள்ளி வைத்துக்கொண்டே இருந்தாய். தப்பு என்னுடையது என்று ஒருநாளாவது உன்னிடம் சொல்லியிருக்கலாம். அதற்குள் மழையில் உன் மோட்டார் சறுக்கிவிட்டது. உன் காரியம் முடிந்த மறுநாள்தான் விதியை எடுத்தேன். இப்போது எந்த உரையாடலும் தானாக மூடுவதில்லை.

இன்று மதியம் வெறும் புள்ளியோடு ஓர் உரையாடல் திறந்தது. அந்த மாணவிதான். "அக்கா இருக்காங்களா? எஸ்பிஎம் பரீட்சை எழுதி முடிச்சிட்டேன்னு சொல்லணும்."

பொய் சொல்ல மனம் வரவில்லை. "அக்கா தவறிட்டாங்கம்மா. நான் அவங்ககூட வேலை செஞ்ச அண்ணன். இங்கதான் இருக்கேன்." ஒற்றை விரலால்தான் தட்ட முடிந்தது.

பதிலுக்காக உன் நாற்காலியில் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாவது நிமிடத்தில் ஒரு புள்ளி அனுப்பினேன்.