பூட்டு உடைந்த காலை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீ, மாப்பிள்ளை, குழந்தை மூவரும் சுகமாக இருக்க வேண்டும், கோபத்தில் இதை மறந்துவிடக் கூடாது என்று முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். நான் சுகம். அதை நிறுத்தி நிதானமாக இன்னொரு முறை படி, ஏனென்றால் உனக்கு அதில் சந்தேகம் இருப்பது ஊருக்கே தெரிந்துவிட்டது. உன் அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது என் வீட்டு ஒட்டடைகூட அவள் கண்ணுக்குத் தப்புவதில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பல் துலக்கிக்கொண்டிருந்தேன், போன் அடித்தது. எடுத்தால் நம் ஹாரன். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், குரல் பக்கத்துத் தெரு வரை கேட்கும் என்பதால் அந்தப் பெயர், போன மாதம்தான் நம் காலை அழைப்புக் குழுவில் சேர்ந்தார். ஏதோ சந்தேகம் கேட்கப்போகிறார் என்று பார்த்தால், அம்மா எழுந்தாச்சா, ராத்திரி தூங்கினீங்களா, மாத்திரை போட்டாச்சா என்று வரிசையாகக் கேட்கிறார். தனியாக இருக்கும் வயதானவர்களிடம் கேட்க நான் சொல்லிக்கொடுத்த அதே கேள்விகள். ஆள் தெரிந்துதான் பேசுகிறீர்களா என்றேன். உங்களுக்குத்தாம்மா, உங்க பொண்ணு பேர் குடுத்திருக்காங்க, டீச்சர் சேர்த்துட்டாங்க என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆஸ்பத்திரியில் நோயாளிகள் உதவிப் பிரிவில் எடுபிடியாகச் சேர்ந்து அந்தப் பிரிவுக்கே பொறுப்பாளராக ஓய்வு பெற்றவள் நான். வீட்டில் விழுந்து, கேட்பாரற்றுக் கிடந்து, கடைசியில் அங்கே வந்து சேர்ந்தவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்தக் குழுவை ஆரம்பித்தேன், சம்பளமும் இல்லை, யாரும் என்னைக் கேட்கவும் இல்லை. காலையில் போன், எடுக்காவிட்டால் மறுபடி, மூன்றாம் முறையும் எடுக்காவிட்டால் சாவியோடு ஆள் போக வேண்டும். அத்தனை வீட்டுச் சாவியும் என் அலமாரியில்தான் தொங்குகிறது. என்னை நம்பிச் சாவி கொடுக்க ஒருவரும் தயங்கியதில்லை, பெற்ற மகளுக்குத்தான் என் மேல் நம்பிக்கை இல்லை. புதுப் பெயர் சேர்ப்பது டீச்சர் பொறுப்பு என்று தெரிந்து அவரைப் பிடித்து, அம்மாவுக்குச் சொல்லிடாதீங்க என்று வேறு சொல்லியிருக்கிறாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்திருக்கிறீர்கள் இரண்டு பேரும்.

மறுநாள் காலை மறுபடி போன். வீம்புக்கு எடுக்கவில்லை, அடிக்கட்டும் என்று மொட்டைமாடிக்குத் துணி உலர்த்தப் போய்விட்டேன். பக்கத்தில் வீடு கட்டுகிற சத்தத்தில் கீழே நடந்தது எதுவும் காதில் விழவில்லை. இறங்கி வந்தால் வாசல் கதவு திறந்து கிடக்கிறது, பூட்டு உடைந்து தொங்குகிறது, ஹாரன் கூட்டி வந்த தச்சர் உளியோடு நிற்கிறார், ஹாரனோ என் கட்டிலுக்கு அடியில் குனிந்து என்னைத் தேடுகிறார். எல்லார் சாவியும் என்னிடம், என் சாவி மட்டும் யாரிடமும் இல்லை. என்னைக் கண்டதும் அந்த மனிதர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். திட்டப் போனவள், வர்றதுக்கு இவ்வளவு நேரமா, நான் விழுந்து கிடந்திருந்தா என்ன ஆகியிருக்கும் என்று கேட்டுவிட்டேன். நான் யார் கட்சி என்று அப்புறம் எனக்கே எரிச்சலாக வந்தது.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. காலை அழைப்பு வாங்குகிறவர் மற்றவர்கள் சாவியை வைத்திருக்கக் கூடாது, தலைவராக இருக்கவும் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது, அவரே விழுந்துவிட்டால் மற்றவர்கள் கதவை யார் திறப்பது. பெயர் கொடுத்தவர்தான் அதை எடுக்கவும் வேண்டும், இல்லாவிட்டால் கிழங்கள் ரோஷத்தில் தாங்களே எடுத்துவிடும் என்று இன்னொரு விதி. இரண்டையும் போட்டது நான்தான். யானை தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொண்ட கதையாகிவிட்டது. அடுத்த மாதக் கூட்டத்தில் சாவிகளை ஒப்படைக்கச் சொல்லிவிட்டார்கள். எனக்காக விதியை வளையுங்கள் என்று நான் கேட்க மாட்டேன், செத்தாலும் கேட்க மாட்டேன்.

அப்பா போனதிலிருந்து உனக்குப் பயம், அது எனக்குத் தெரியாதா. ஆனால் அம்மா உயிரோடு இருக்கிறாளா என்று பார்க்க உனக்கு ஒரு பஸ் டிரைவர் வேண்டியிருக்கிறது, அதுதான்டீ எனக்கு ஆறவில்லை. நீ என்னோடு பேசி எவ்வளவு நாளாயிற்று என்று நான் எண்ணவில்லை, எண்ணினால் இன்னும் ஆத்திரம் வரும். அந்த மூன்று கேள்வியை உன் வாயால் கேட்டால் என்ன குறைந்துவிடும்.

டீச்சரைக் கூப்பிட்டு என் பெயரை எடுக்கச் சொல். அப்போ அம்மாவை யார் பார்த்துப்பாங்க என்று கேட்பார், அப்படிக் கேட்கத்தான் பழக்கியிருக்கிறேன். நான் என்று சொல். சொன்னால் செய்ய வேண்டும், இது என் குழு, பேச்சுக்குச் சொல்கிறவர்களைச் சேர்ப்பதில்லை.

மூவருக்கும் என் ஆசிகள், குழந்தைக்கு ஒரு முத்தம் கூடுதலாக. புதுப் பூட்டின் இன்னொரு சாவியை ஹாரனிடம் கொடுத்துவிட்டேன், அது வேறு விஷயம். நீ கூப்பிடும்போது இரண்டு தடவை மணி அடித்ததும் வைத்துவிடாதே, முழங்கால் முன்பு போல இல்லை, சமையலறையிலிருந்து வந்து எடுக்க நேரமாகிறது. அடித்துக்கொண்டே இரு, வந்துவிடுவேன்.

கோபம் தீராத,
உன் அம்மா