டெலானிபூரின் ஒரே எழுபதுக்காரர்

ஜூலை 8, திங்கள்

விடியலிலிருந்து மழை. தகரக் கூரை இரைச்சலில் இவர் பேசுவது காதில் விழவில்லை, ஒரு வகையில் நிம்மதி. மண்ணெண்ணெய் அடிமட்டம். கடையில் உளுந்து இல்லை, கப்பல் வந்தால்தான்.

கப்பல் வந்தால் மாமாவும் போய்விடுவார். பாழாய்ப்போன கப்பல்.

அத்தை தவறிய பிறகு மாமனாரைப் பரமக்குடியில் தனியாக விட மனம் வரவில்லை. பொங்கல் கழித்துக் கூட்டிவந்தோம். வயது எழுபத்து நாலு. இந்தப் போர்ட் பிளேரில் அத்தனை பேரும் வேலைக்கு வந்தவர்கள், நிலம் கிடைக்குமென்று வந்தவர்கள். வயசாளிகளை மெயின்லேண்டில் விட்டுவிட்டு வந்த கூட்டம். விழுந்து கும்பிட ஒரு நரைத்த தலை கிடையாது. மாமா வந்து இறங்கியதும் எங்கள் பேட்டை டெலானிபூரே வாசலில் நின்றது. தெலுங்கு கான்ட்ராக்டர் வீட்டில் பால் காய்ச்ச மாமா. வங்காளிக் குழந்தைக்கு முதல் சோறு ஊட்ட மாமா. மலையாளி நர்ஸ் நிச்சயதார்த்தத்துக்கும் மாமா. பாஷை தெரியாமலே எல்லோர் தலையிலும் கை வைத்தார். எனக்கும் பெருமைதான்.

போன வாரம் திடீரென்று, "எனக்கு டிக்கெட் எடுத்துருப்பா" என்றார். இவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "மூத்தவன் சொன்னா மறுபேச்சு பேசக்கூடாது." முடிந்தது. இவர்கள் வீட்டுச் சட்டம் அது. இன்று டிக்கெட்டும் வந்துவிட்டது. அப்பாவிடம் 'இருங்கள்' என்று ஒரு வார்த்தை சொல்ல இவருக்கு நாக்கு எழவில்லை. எரிச்சல்.

ஜூலை 9, செவ்வாய்

மழை விட்டு விட்டு. 8-பி, ஆங்கிலம். பாடத்தில் 'செப்டுவாஜினேரியன்'. போர்டில் எழுதி முடிப்பதற்குள் சாக்பீஸ் உடைந்தது.

ஒருத்தன் எழுந்து, "டீச்சர், யே கோயி ஜான்வர் ஹை க்யா?" ஏதாவது மிருகமா என்று கேட்கிறான். வகுப்பே சிரித்தது. நானும்.

எழுபதுகளில் இருக்கும் மனிதர் என்று விளக்கிவிட்டு, ஆளுக்கொரு வாக்கியம் சொல்லச் சொன்னேன். பென்சிலைக் கடித்தார்கள். வீட்டில் அப்படி ஒரு ஆளைப் பார்த்தே இராத பிள்ளைகள். பிறகு எல்லாக் கையும் ஒன்றாக மேலே. எல்லாம் மாமாதான்.

எழுபதுக்காரர் எங்கள் புது வீட்டுக்கு வந்தார்.
எழுபதுக்காரர் என் தங்கைக்குச் சோறு ஊட்டினார், அவள் துப்பிவிட்டாள்.
எழுபதுக்காரர்கள் குடையை மறந்துவிடுவார்கள்.
எழுபதுக்காரர் தினமும் கப்பல்துறை ஜெட்டிக்கு வந்து, கப்பல் எப்போது என்று என் அப்பாவிடம் கேட்கிறார்.

கடைசி வாக்கியத்தில் ஒரு பிழை கிடையாது. 'குட்' என்றேன். மாமா கோயிலுக்கு என்று சொல்லிவிட்டுத்தானே தினமும் கிளம்புகிறார்.

மணி அடித்த பிறகு ஃபிலோமினா மேசையருகே வந்தாள். டெய்ரி ஃபார்ம் பேட்டையில் வீடு, மீன்பிடிக் குடும்பம், பூர்வீகம் தூத்துக்குடிப் பக்கம். "டீச்சர், எங்க வீட்டுலயும் ஒரு ஆளு இருக்காவ. அப்பாவோட பெரியப்பா. காலு வராது, வெளிய வர மாட்டாவ. வகுப்புல சொல்ல வெக்கமா இருந்திச்சு."

இதில் என்ன வெட்கம் என்றேன். "ரொம்ப வைவாவ டீச்சர்."

ஜூலை 10, புதன்

மாமாவிடம் கேட்டேவிட்டேன், இவர் ஆபீஸ் போனதும். "இங்க என்ன குறை மாமா? ஜெட்டிக்கு நடையா நடக்குறீங்களாமே."

வெற்றிலையை மென்று துப்பிவிட்டு வந்தார். "குறை என்னத்தா குறை. ராசா கணக்கா வச்சிருக்கீக." பிறகு, "இந்த ஊருல என்னய மூக்கையான்னு கூப்பிட ஒருத்தன் இல்ல. தாத்தாங்குறான், பாபாங்குறான், கால்ல விழுகுறான். நான் விழுகுறதுக்குத்தான் ஒரு காலு இல்ல."

ஊரில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். அங்கும் ஒரே ஒருவர்தானாம், சைக்கிள் கடை சுப்பு. டேய் என்று கூப்பிடுவாராம். அதற்காக இந்தக் காற்றுமழையில் கடல் தாண்டிப் போக வேண்டுமா? கேட்கவில்லை. அழுகை வந்தது, அடுப்படிக்குப் போய்விட்டேன். ரசம் பொங்கி வழிந்து கிடந்தது.

ஜூலை 11, வியாழன்

வெயில், மூன்று வாரத்துக்குப் பிறகு. போர்வை, தலையணை எல்லாம் வெளியே.

சாயங்காலம் மாமாவை டெய்ரி ஃபார்முக்கு அழைத்துப் போனேன். இன்னொரு ஆசீர்வாதம் என்று நினைத்துக்கொண்டு வந்தார், துண்டை மடித்துப் போட்டுக்கொண்டு. உள்ளறையில் கயிற்றுக் கட்டில். ஃபிலோமினாவின் பெரிய தாத்தா, சவரிமுத்து. எலும்பும் மீசையும். மாமா பழக்கதோஷத்தில் தலையில் வைக்கக் கையை நீட்டிவிட்டார்.

"எவம்ல அது, என் தலையத் தடவுறது? கைய எடுல."

ஃபிலோமினாவின் அம்மா வாயில் முந்தானை. மாமா அப்படியே நின்றார். முகம் மெல்ல மலர்ந்தது. கட்டிலில் உட்கார்ந்து, "உன் வயசு என்னடா?" என்றார்.

"எழுபத்தாறு. ஒனக்கு?"

"எழுபத்தேழு."

பொய். சுத்தப் பொய்.

ஜூலை 12, வெள்ளி

மாமா ஜெட்டிக்குப் போகவில்லை. காப்பி குடித்ததும் நேராக டெய்ரி ஃபார்ம். பள்ளி விட்டுப் போனால் அங்கே இன்னும் சண்டை நடக்கிறது.

"வால்வெள்ளி வந்தப்பவே எனக்கு மீசை மொளச்சிட்டு" என்கிறார் சவரிமுத்து.

"எனக்குந்தான்டா மொளச்சிருச்சு."

"ஒனக்கு மொளச்சது பூனை மசுருல."

மாமா சிரித்ததைப் பார்த்து எத்தனை நாள். திரும்பி வரும் வழியெல்லாம் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார்.

கப்பல் வந்துவிட்டது. நாளை மத்தியானம் புறப்பாடு. டிக்கெட்டை என்ன செய்ய என்று மாமாவிடம் கேட்கச் சொன்னேன். இவர், "அப்பா ஒரு தரம் சொன்னா சொன்னதுதான்" என்றார்.

ஜூலை 13, சனி

வானம் மூட்டம். காலையில் புளிச்சோறு கிளறி இரண்டு பொட்டலம், கப்பலுக்கு. எலுமிச்சை ஊறுகாய், சுக்குப் பொடி. பெட்டியில் மாமாவே துணி அடுக்கினார். போகும் வழியில் டெய்ரி ஃபார்மில் ஒரு நிமிஷம் நிற்க வேண்டும் என்றார். இவர் தோளில் பெட்டி. நான் குடையும் பொட்டலமும்.

சவரிமுத்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். நேற்றே கேள்விப்பட்டிருக்கிறார். "போறவன் போவட்டும். இங்க என்ன வேலை."

மாமா கட்டிலோரம் நின்றார். "போய்ட்டு வாரேன்டா." பிறகு துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "நான்தான் எளையவன். ஒத்துக்கிறேன். எழுபத்து நாலு. கைய வச்சு அனுப்பு" என்று குனிந்தார். ஊரில் அத்தனை தலையிலும் கை வைத்த மனுஷன், பிள்ளை மாதிரி தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறார். ஃபிலோமினா அவள் அம்மா பின்னால் ஒளிந்துகொண்டாள்.

சவரிமுத்து திரும்பினார். மாமாவின் நெற்றியில் பெருவிரலால் சிலுவை போட்டார். நெற்றியில் இருந்த விபூதி அழிந்து அவர் விரலில் ஒட்டிக்கொண்டது.

"போவாதல, மூக்கையா."

ஜெட்டிப் பக்கம் கப்பல் ஊதியது. இவர், "அப்பா, நேரமாச்சு" என்றார். மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார்.

"மூத்தவன் சொல்லிட்டான்ப்பா. மறுபேச்சு பேசக்கூடாது."

இவர் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, வாசலுக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். தோள் குலுங்கியது.

மாமா பசிக்கிறது என்றார். பொட்டலத்தைப் பிரித்து எல்லோருக்கும் வைத்தேன். சவரிமுத்து ஒரு வாய் தின்றுவிட்டு, "உப்பு போடாம கிண்டுனது எவ?" என்றார்.

உப்பு சரியாகத்தான் இருந்தது.