கரைமேல் விதைத்தவர்

சென்னை,
12.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

பத்து நாளாகப் போன் அடிக்கிறேன், நீ எடுக்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். என் புத்தகம் வந்து சேர்ந்ததா? ஆட்சி மாறும்போதெல்லாம் நம் தாலுகாவின் பிழைப்பு எப்படித் தடம் மாறியது என்பதுதான் விஷயம். வீட்டுக்கு ஓர் ஆள் போய்த் தூர் வாரிய கண்மாயை சர்க்கார் எடுத்துக்கொண்டது. பின்னால் வந்தவர்கள் விறகுக்கென்று சீமைக் கருவேல விதை கொடுத்தார்கள். அது கண்மாயையே அடைத்துக்கொண்டது. இப்போது வெட்டச் சொல்கிறார்கள். நாலாம் அத்தியாயத்தில் நம் அய்யாவும் வருகிறார். மூட்டு வலி தேவலையா?

அன்புத் தம்பி,
பூமிநாதன்


கீழமடை,
முதுகுளத்தூர் வழி,
25.11.2024

தம்பி பூமிநாதனுக்கு,

மூட்டு வலி இருந்தபடி இருக்கிறது. நாலாம் அத்தியாயத்தை எனக்கு முன்னால் ஊரே படித்துவிட்டது. "பஞ்சாயத்துத் தலைவர் வீரையா கரையில் விதைத்தார், ஊரின் விவசாயம் அதோடு முடிந்தது." அடேயப்பா, எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டாய்! விதை கொடுத்த மந்திரி பேரும் இல்லை, அதிகாரி பேரும் இல்லை. அய்யா பேர் மட்டும் இருக்கிறது.

இந்த வருஷம் கண்மாயில் கொஞ்சம் தண்ணீர் தேங்கியதால் வெள்ளிக்கிழமை மடை திறந்தார்கள். அய்யா காலத்திலிருந்து மடையில் உடைக்கும் முதல் தேங்காய் நம் வீட்டுடையதுதானே? மஞ்சள் தடவி எடுத்துக்கொண்டு போனேன். பக்கத்து வீட்டு முருகேஸ்வரி கையைப் பிடித்து நிறுத்தினாள். "அங்கனயே நில்லு மதினி. கம்மாயக் கெடுத்தவுக வீட்டுத் தேங்கா வேணாம்னு பேசிட்டாக" என்றாள். என் கண்ணெதிரே வேறு வீட்டுத் தேங்காயை உடைத்தார்கள். செத்துப் போகலாம் போல இருந்தது.

உமையாள்


சென்னை,
2.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. ஆனால் நான் எழுதியது பொய்யில்லையே? அரசாங்கம் போடும் திட்டத்தை ஊருக்குள் கொண்டுவந்தவர் யார் என்றும் வரலாறு சொல்லத்தானே வேண்டும்? அடுத்த பதிப்பில் ஓர் அடிக்குறிப்பு சேர்க்கிறேன். மாசியில் குலசாமி கும்பிட வரும்போது பேசுவோம்.

பூமிநாதன்


கீழமடை,
11.12.2024

பூமிநாதா,

அடிக்குறிப்பில் இதையும் சேர்த்துக்கொள். மழை பொய்த்து மிளகாய் கருகிய வருடம், காலேஜுக்குப் போயே தீருவேன் என்று நின்றாய். அந்தக் கரைக் கருவேலத்தை வெட்டி அய்யாவும் நானும் கரிமூட்டம் போட்டோம். ஐந்து வருடம் போட்டோம். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள், "புள்ள கரிக்கட்டையால்ல இருக்கு" என்று எழுந்து போனது அப்போதுதான். அந்தக் கரியை விற்றுத்தான் நீ எம்.ஏ. முடித்தாய். அந்த மரத்தால் பிழைத்தவர்கள் என்று உன் புத்தகத்தில் தேடிப் பார்த்தேன், உன் பேர் இல்லை.

மாசிக்கு நீ வரவேண்டாம். மடையிலிருந்து திருப்பிக் கொண்டுவந்த தேங்காயை இத்தனை நாள் சாமி படத்தடியில் வைத்திருந்தேன். இன்று காலையில் உடைத்து, சட்னி அரைத்து, நான் ஒருத்தியே உட்கார்ந்து சாப்பிட்டேன்.

உமையாள்