பெஞ்சில் உங்கள் பெயர்

அன்புள்ள அத்தானுக்கு,

அன்பும் கோபமும் கலந்தே எழுதுகிறேன். நீங்கள் இருந்தபோதும் எனக்கு இரண்டையும் பிரித்து வைக்கத் தெரிந்ததில்லை.

உங்கள் முதல் திவசம் முடிந்துவிட்டது. நம் பிள்ளை செந்தில் டெக்ஸாஸிலிருந்து வந்து, ஐயர் சொன்னதையெல்லாம் தப்பும் தவறுமாகத் திருப்பிச் சொல்லி, எள்ளும் தண்ணீரும் விட்டு, மறுநாளே விமானம் ஏறிவிட்டான். வாசலில் பனி உருகிப் புல் தெரிய ஆரம்பித்திருக்கிறது. ஓக் ட்ரீ ரோட்டில் நீங்கள் வெற்றிலை வாங்கும் கடையை மூடிவிட்டார்கள். அங்கே இப்போது போன் உறை விற்கிறார்கள். உங்கள் காரை நான்தான் ஓட்டுகிறேன். சீட்டை முன்னால் இழுத்துவிட்டேன். இனி உங்கள் காலுக்கு அது சேராது.

ஆனால் இதைச் சொல்ல எழுதவில்லை. பேஸ்பால் மைதானத்தில் உங்கள் பெயரில் ஒரு பெஞ்ச் போடப்போகிறார்கள்.

செந்திலை எட்டு வயதில் கொண்டுபோய்ச் சேர்த்தோமே, அதே மைதானம்தான். அவன் பன்னிரண்டு வயதில் விட்டுவிட்டான். நீங்கள் விடவில்லை. ஒவ்வொரு வசந்தத்திலும் சனிக்கிழமை விடியும் முன்பே போய், யார் யார் பிள்ளைகளோ விளையாடுவதற்கு மண்ணைச் சீவிச் சமன்படுத்தி, சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டு வந்தீர்கள். அந்த உழைப்புக்குத்தான் இந்த மரியாதை. வருகிற சனிக்கிழமை திறப்பு விழா. உங்களைப் பற்றிப் பேசப்போவது யார் என்று நினைக்கிறீர்கள்? செந்திலின் பழைய கோச் டான். அவரேதான்.

போன செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வந்தார். கைத்தடி வைத்திருக்கிறார். நான் சோபாவைக் காட்டினேன், அவர் உங்கள் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தார். காபி கொடுத்தேன். வீட்டுக்கு வந்தவருக்குக் காபி கொடுக்காமல் விடுகிற அளவுக்கு நான் இன்னும் அமெரிக்காக்காரி ஆகவில்லை. பேசப்போவதை எழுதிக்கொண்டு வந்திருந்தார், எனக்கு வாசித்துக் காட்டினார். உங்கள் பெயரை நான் இன்றுவரை வாயால் சொன்னதில்லை. அவர் சரளமாகச் சொன்னார்.

நீங்கள் எல்லோருக்கும் முன்னால் வந்து எல்லோருக்கும் பின்னால் போவீர்களாம். வாழ்நாளில் மாமிசம் தொடாத மனிதர், பிள்ளைகளுக்காக அடுப்பின் முன் நின்று ஹாட் டாக் புரட்டினாராம். அந்த இடத்தில் கூட்டம் சிரிக்கும் என்று சொல்லி அவரே சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கராஜ் வழியாக வந்து, அந்தச் சட்டையை வெளியிலேயே கழற்றிப் போட்டு, தலைக்கு ஊற்றி, திருநீறு பூசிய பிறகுதான் அடுப்படிக்குள் வருவீர்கள். அந்தச் சட்டையைத் துவைத்தவள் நான்.

பிறகு கடைசி வரி. அவர் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்: "இத்தனை வருஷத்தில் அவர் எதையும் கேட்டதில்லை. தனக்காகவும் கேட்டதில்லை, தன் குடும்பத்துக்காகவும் கேட்டதில்லை." வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். நடிப்பு இல்லை, உண்மையாகவே அழுதார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

அந்த வரியை எடுத்துவிடுங்கள் என்றேன். அடக்கத்தால் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார். அதுதான் இருப்பதிலேயே நல்ல வரி, அந்த மனிதர் முழுவதும் அதற்குள் இருக்கிறார் என்றார். தெரியும், அதனால்தான் எடுக்கச் சொல்கிறேன் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்காமல் இருக்கும் பழக்கம் உங்கள் இரண்டு பேருக்கும் பொது போலிருக்கிறது. கிளம்பும்போது சங்கடத்தோடு ஒன்று சொன்னார். பெஞ்சில் பதிக்கிற பித்தளைத் தகட்டிலும், உங்கள் பெயருக்குக் கீழே, 'எதையும் கேட்காத மனிதர்' என்று வெட்டியாகிவிட்டதாம்.

இந்தக் கடிதத்தை நம் தமிழ்ச் சங்க மலருக்குக் கொடுக்கப்போகிறேன். இன்றைக்கும் எத்தனையோ சனிக்கிழமைகளில் எத்தனையோ அப்பாக்கள் அந்த அடுப்பின் முன் நிற்கிறார்கள். அவர்கள் வாசிக்கட்டும். அதனால் விளையாட்டுத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன்.

பேஸ்பாலில் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு விதி இருந்தது. ஒரு ஆட்டத்துக்கு ஆறு இன்னிங்ஸ்; குழுவில் சேர்ந்த ஒவ்வொரு பிள்ளையும் அதில் குறைந்தது இரண்டு இன்னிங்ஸ் மைதானத்தில் நிற்க வேண்டும், ஒரு தடவையாவது மட்டை பிடிக்க வேண்டும். அதற்கு மேல் கோச் வைத்ததுதான் சட்டம். நம் பிள்ளைக்கு விதி கொடுத்தது மட்டும்தான் கிடைத்தது, ஒரு பருக்கை கூடுதல் இல்லை. அந்த இரண்டு இன்னிங்ஸும் ரைட் ஃபீல்டில், வலது பக்கக் கடைசி மூலையில். பிள்ளைகள் ஆட்டத்தில் பந்து அந்தப் பக்கம் வருவதே அபூர்வம். மற்ற நேரமெல்லாம் கம்பி வேலிக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருப்பான்.

நான் பத்தாவது வரைதான் படித்தவள். மருந்து டப்பா அடைக்கும் ஷெட்டில் வேலை பார்த்தபோது அங்கே ரேடியோவில் பகல் முழுக்க பேஸ்பால் வர்ணனை ஓடும். ஆங்கிலத்தையும் ஆட்டத்தையும் எனக்குச் சொல்லிக்கொடுத்தது அந்த ரேடியோதான். உங்களுக்குக் கிரிக்கெட் மட்டும்தான் தெரியும். மடக்கு நாற்காலியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஏளா, இப்ப எதுக்கு அந்தப் பய ஓடுதான்?" என்று காதுக்குள் கேட்பீர்கள். நான் சொல்வேன். யோசித்துப் பார்த்தால், அந்த மைதானத்தில் நீங்கள் கேட்ட கேள்வியெல்லாம் என்னிடம் கேட்டதுதான்.

ஆனால் செந்திலுக்கு எறிகிற கையைக் கொடுத்தது நீங்கள். அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில், கார்களுக்கு நடுவில், டென்னிஸ் பந்தை வைத்து எல்லைக் கோட்டிலிருந்து ஸ்டம்புக்கு எறியும் எறியைச் சொல்லிக்கொடுத்தீர்கள். ஒரு சனிக்கிழமை அது வேலை செய்தது. கடைசி இன்னிங்ஸ், நம் பிள்ளைகள் ஒரே ஒரு ரன் முன்னால். எதிராளி ஓங்கி அடித்த பந்து அந்த வலது மூலைக்குப் போனது. செந்தில் ஓடிப்போய் எடுத்தான். ரன் எடுக்க ஒரு பையன் ஹோம் பிளேட்டை, அதாவது ஓட்டம் முடிகிற இடத்தை, நோக்கி ஓடிவந்துகொண்டிருந்தான். செந்தில் எறிந்த பந்து தரையில் படாமல் நேராக அங்கே நின்ற பிள்ளையின் கையில் போய் விழுந்தது. ஓடிவந்தவன் அவுட், அதுதான் கடைசி அவுட். நாம் ஜெயித்தோம்.

என் பெயர் தெரியாத அம்மாமார்கள் எல்லாம் என்னைக் கட்டிப்பிடித்தார்கள். கோச் டான் அவன் தலையைக் கலைத்துவிட்டார். நீங்கள் இடுக்கியோடு அடுப்பின் முன் நின்றபடி கண்ணைத் துடைத்தீர்கள். புகையா, வேறா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

அடுத்த சனிக்கிழமை நான் இஸ்திரி போட்ட புடவை கட்டிக்கொண்டு சீக்கிரமே போனேன். செந்திலுக்கு இரண்டு இன்னிங்ஸ், ரைட் ஃபீல்ட். கோச்சின் மகன் பந்து வீசினான்.

அன்று சாயங்காலம் நாம் போட்ட சண்டை நினைவிருக்கிறதா? போய் ஒரு வார்த்தை கேளுங்கள் என்றேன்.

"நாம போய்க் கேக்கப்படாதுளா. அவரே பாத்துக் குடுப்பாரு."

"எதப் பாத்து? ஒங்க கையில இருக்க இடுக்கியத்தான் பாத்துக்கிட்டு இருக்காரு மனுசன்."

"பிள்ள வெளாடுதான்லா, அது போதாதா?"

"அப்ப நான் போய்க் கேக்கேன்."

"நீ போனா, அதுக்கப்புறம் நான் அங்க தல காட்ட முடியாது பாத்துக்கோ."

உங்கள் தலைக்காக நான் வாயை மூடினேன். அடுத்த வாரமும் நீங்கள் ஹாட் டாக் புரட்டினீர்கள். கோச்சின் கார் பழுதானபோது அவர் மகனையும் நம் காரில் ஏற்றிக்கொண்டு போனீர்கள். அவன் முன் சீட்டில், செந்தில் பின் சீட்டில். பார்சிப்பனி ஆபீசிலும் இதே கதைதானே? நீங்கள் வேலை கற்றுக்கொடுத்த பையன்களே உங்களுக்கு மேலதிகாரியாக வந்தார்கள். அங்கேயும் அவர்களாகப் பார்த்துக் கொடுப்பார்கள் என்று காத்திருந்தீர்கள்.

செவ்வாய்க்கிழமை கோச் போன பிறகு செந்திலுக்கு போன் செய்தேன். வரியைப் பற்றிச் சொன்னேன். சனிக்கிழமை விழா முடிவில் என்னையும் இரண்டு வார்த்தை பேசச் சொல்லியிருக்கிறார்கள், அத்தனை பேர் முன்னால் டானிடம் கேட்கப்போகிறேன், என் பிள்ளையை ஏன் உட்கார வைத்தீர்கள் என்று கேட்கப்போகிறேன் என்றேன். அவன் வழக்கம்போல ஆங்கிலத்தில் விடுங்கம்மா என்றான். நான் விடவில்லை. பிறகு தமிழில் பேசினான். முக்கியமானதைச் சொல்லும்போதுதான் அவனுக்குத் தமிழ் வரும்.

"அம்மா, நான்தான் அப்பாகிட்ட சொன்னேன். கேக்காதீங்கன்னு. கேட்டா நான் பேஸ்பால் ஸ்டாப் பண்ணிடுவேன்னு சொன்னேன்."

எப்போது என்று கேட்டேன். அந்த எறிக்கு அடுத்த வாரம், காரில் வைத்துச் சொன்னானாம். நீங்கள் சரி என்றீர்களாம். அம்மாவிடம் சொல்லாதே என்றும் சொன்னீர்களாம்.

இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக உங்களைக் கோழை என்று மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். அப்பனும் மகனும் சேர்ந்து இதை என்னிடம் மறைத்துவிட்டுச் சும்மா இருந்திருக்கிறீர்கள்.

இதைக் கேட்டதும் நான் இளகிவிடுவேன் என்று செந்தில் நினைத்தான். நான் இளகவில்லை அத்தான். பத்து வயதுப் பிள்ளை வேண்டாம் என்றுதான் சொல்லும். பல் டாக்டரிடம் போகவும்தான் வேண்டாம் என்றது. தூக்கிக்கொண்டு போகவில்லையா? அவன் வேண்டாம் என்றது உங்களுக்கு வசதியாகப் போயிற்று. ஏற்கெனவே மூடியிருந்த வாய்க்கு அவன் ஒரு காரணம் கொடுத்தான், அவ்வளவுதான்.

அதையே அவனிடமும் சொன்னேன். அதற்கு அவன் சொன்னான்:

"அது என் ஸ்டோரிம்மா. உங்களுது இல்ல. நீங்க அங்க அதப் பேசினா நான் வரமாட்டேன்."

பேத்தியையும் கூட்டிக்கொண்டு வர டிக்கெட் எடுத்திருக்கிறான். அதே மிரட்டல்தான். உங்களிடம் பலித்த மாதிரி என்னிடமும் பலிக்கும் என்று பார்க்கிறான். ஆனால் அவன் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது, அது என்னை இரண்டு நாளாக அரித்தது. பெஞ்சில் உட்கார்ந்தது அவன். வேலிக்கு வெளியே வெந்தது மட்டும்தான் நான். சரி, மைதானத்தில் அவன் பெயரை எடுக்க மாட்டேன். இங்கே தமிழில் எழுதிவிட்டேன். டான் மாதிரி அங்கே இருக்கிற வெள்ளைக்காரர்கள் யாரும் இதை வாசிக்கப்போவதில்லை. அவனுக்கும் வாசிக்கத் தெரியாது. அது வேறு வயிற்றெரிச்சல்.

ஆனால் தகட்டில் இருக்கிற வரி அவன் கதை இல்லை. அது உங்கள் கதை. அதில் எனக்குப் பங்கு உண்டு.

முதல் தடவை நெஞ்சு வலித்தபோது ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் நாம் காத்திருந்தோம். வேர்த்து ஒழுகுகிறது, சட்டை நனைந்துவிட்டது. "நமக்கு முன்னால நெறையப் பேர் இருக்காங்கள்லா, கூப்பிடுவாங்க, நீ கேக்காத" என்றீர்கள். அன்று நான் உங்கள் தலையைப் பார்க்கவில்லை. கவுண்டரில் போய்க் கேட்டேன். கத்திக் கேட்டேன். தள்ளுவண்டி வந்தது, பிழைத்தீர்கள்.

இரண்டாவது தடவை நான் காய்கறி வாங்க ஐசலின் போயிருந்தேன். போன் உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் முக்காலியில் இருந்தது. அவசரத்துக்கு அழுத்துகிற எண் இந்த நாட்டில் குழந்தைக்குக்கூடத் தெரியும். நீங்கள் யாரையும் கூப்பிடவில்லை. என்னைக்கூட. யாரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று நினைத்தீர்கள் அத்தான்? நான் வந்து பார்த்துக்கொள்வேன் என்று காத்திருந்தீர்களா?

அந்தப் பழக்கத்தைத்தான் பித்தளையில் வெட்டி வைக்கிறார்கள். அதன் மேல் வெயில் பட்டு மின்னும். நாளைக்கு இன்னொரு செந்திலின் அப்பா அதை வாசித்துவிட்டு, நல்ல மனிதர் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் போல என்று நினைத்துக்கொண்டு அடுப்பைப் பற்றவைக்கப் போவார்.

நேற்று டான் போன் செய்தார். சனிக்கிழமைக்குள் தகட்டை மாற்ற முடியாதாம், மன்னிக்க வேண்டுமாம். தன் பேச்சிலிருந்து வேண்டுமானால் அந்த வரியை எடுத்துவிடுகிறேன் என்றார். வேண்டாம், வாசியுங்கள், நன்றாகச் சத்தமாக வாசியுங்கள் என்று சொல்லிவிட்டேன். அவருக்குச் சந்தோஷம்.

ஆகவே இதுதான் நான் உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு. சனிக்கிழமை போவேன். செந்தில் வந்தாலும் போவேன், வராவிட்டாலும் போவேன். டான் அந்த வரியை வாசித்து, எல்லோரும் கைதட்டி முடித்த பிறகு எழுந்து, அந்தக் கூட்டத்தைப் பார்த்து, ரேடியோவில் கற்ற ஆங்கிலத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: "அவர் உங்களிடம் எதையும் கேட்கவில்லை, சரி. உங்களில் ஒருவராவது, ஒரு நாளாவது, உனக்கு என்ன வேண்டும் என்று அவரிடம் கேட்டீர்களா?"

கேட்டுவிட்டு உட்கார மாட்டேன். பதில் வரும்வரை நிற்பேன்.

இப்படிக்கு,
உங்கள் மாமன் மகள், உங்கள் மனைவி,
கோமதி