நோட்டில் 118, மிஷினில் 54

அக்கா,

நேற்று மதியம் என் மகள் என் கைப்பையை மோந்து பார்த்தாள். நான் குளித்துவிட்டு வந்து நின்றதை அவள் முதலில் கவனிக்கவில்லை. என்னைப் பார்த்ததும் உள்ளேயிருந்து ஓர் ஆரஞ்சு மிட்டாய்த் தாளை எடுத்து மேசைமேல் வைத்து, "இது என்னம்மா?" என்றாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அதே கேள்வியை, அதே குரலில், உன்னிடம் கேட்டவள் நான்தானே.

எனக்கும் சர்க்கரை வந்து எட்டு மாதமாகிறது. அன்றிலிருந்து வீட்டில் யாரையும் நம்ப முடியவில்லை. அவர் "சாப்ட்டியா?" என்று கேட்டால் அக்கறையா விசாரணையா என்று தெரியவில்லை. பக்கத்து வீட்டு வளைகாப்பில் எனக்குக் கொடுத்த தாம்பூலப் பையில் மட்டும் லட்டு இல்லை. அவர்களுக்கு யார் சொன்னது? இரண்டு நாள் இதையே நினைத்துப் பொருமினேன். லட்டுக்காக இல்லை அக்கா, என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அத்தான் போன பிறகு கருவடிக்குப்பம் வீட்டைக் காலி செய்துவிட்டு நீ சாரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாய். முதலியார்பேட்டைத் துணிக்கடை வேலைக்கு ஸ்கூட்டியில் போய்வருவாய். ஞாயிற்றுக்கிழமைதோறும் நீ சர்க்கரை அளவு எழுதும் நோட்டை நான் எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவேன். அளவு கூடியிருந்தால் எனக்குக் கோபம். சரியாக இருந்தால் சந்தேகம். உன் தலையணை உறைக்குள்கூடக் கைவிட்டுத் தேடியிருக்கிறேன். மிட்டாய்த் தாள் சிக்கிய அன்று, எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் அதை உன் தட்டருகில் வைத்தேன். "எப்பவாவது ஒண்ணு" என்றாய். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாய், சாப்பிடவில்லை. உன் பையிலிருந்த மிட்டாயையெல்லாம் நான் குப்பையில் கொட்டினேன்.

மறுவாரம் வண்டியிலிருந்து விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு வந்தாய். மணல் சறுக்கியது என்றாய். நான் அதையும் நம்பவில்லை. எங்கோ ஸ்வீட் கடைக்குப் போய்விட்டு வந்து மழுப்புகிறாய் என்று நினைத்தேன். கை ஏன் நடுங்குகிறது என்று கேட்டதற்குச் சிரித்தாய். "சொன்னா வண்டி சாவியப் புடுங்கிக்குவ." கேலி என்று விட்டுவிட்டேன்.

மாரடைப்பில் நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. போன வாரம் சர்க்கரை அளவு பார்க்கும் என் மிஷின் பழுதானதால் பீரோவிலிருந்த உன் மிஷினை எடுத்துப் பேட்டரி மாற்றினேன். பழைய அளவுகளைக் காட்டும் பட்டனை அமுக்கினேன். போய்ச் சேர்ந்தவளையும் சோதிக்கிற புத்தி எனக்கு. எப்படியும் ஒரு முந்நூறையாவது பிடித்துவிடலாம் என்று உன் நோட்டையும் பக்கத்தில் விரித்துக்கொண்டேன்.

முந்நூறு எங்கும் இல்லை. 54 இருந்தது. 49 இருந்தது. அதே தேதிகளில் நோட்டில் 118 என்று எழுதியிருக்கிறாய். நான் மிட்டாயைக் கொட்டிய மறுவாரம், நீ வண்டியிலிருந்து விழுந்த நாளில், 46.

மாத்திரை போடுகிறவர்களுக்குச் சர்க்கரை திடீரென்று எழுபதுக்குக் கீழே இறங்கும், கை நடுங்கும், உடனே ஒரு மிட்டாய் வாயில் போட வேண்டும் என்று டாக்டர் எனக்குச் சொன்னபோதே உன் நினைவு வந்திருக்க வேண்டும். நான்தான் வரவிடவில்லை. நீ பொய்தான் எழுதினாய் அக்கா. நான் சந்தேகப்பட்டது சரி. என்ன பொய் என்பதில்தான் பாவி நான் தப்புப் பண்ணினேன்.

நேற்று மகளை உட்காரவைத்து உன் நோட்டையும் மிஷினையும் காட்டினேன். "பெரியம்மா பாத்து பயந்தது சர்க்கரைய இல்லடி, என்னை" என்றேன். சாயங்காலம் பார்த்தால் என் பையில் புதிதாக ஒரு பிடி மிட்டாய் கிடந்தது. எண்ணி வைத்திருப்பாளோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது. என் புத்தி அவ்வளவு சீக்கிரம் போகாது.

உன் மிஷினில் நான் பார்க்கிற ஒவ்வொரு அளவுக்கும் பழையது ஒன்று அழிந்துபோகும் என்று மருந்துக்கடையில் இன்று சொன்னார்கள். ஒரு வாரமாக அதில்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை போயிற்றோ தெரியாது. புது மிஷின் ஒன்று வாங்கிவிட்டேன். உன்னுடையது மிட்டாய்களோடு என் கைப்பையில் இருக்கிறது. அந்த 46 இன்னும் அழியவில்லை.