விழுந்த பிறகு

பிப்ரவரி 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் அத்தானும் நலம். போனில் பேசினால் நீ குறுக்கே குறுக்கே பேசுகிறாய். கடிதத்தில் உன் பாச்சா பலிக்காது.

பக்கத்து வீட்டுப் பெண் தன் போனில் ஒரு படம் காட்டினாள். நான் கண்டக்டராக இருந்தபோது, டிப்போவில் பெண்களுக்கு ஓய்வறை கேட்டு ஊர்வலம் போனோமே, அது. போலீஸ் தடுப்பைத் தள்ளுகிறது, நான் ரோட்டில் விழுகிறேன், அதோடு படம் முடிகிறது. பின்னால் சோகப் புல்லாங்குழல் வேறு. அன்றைக்கே நான் செத்துவிட்டதாகக் கீழே எழுதியிருக்கிறார்கள். என் சாவுச் செய்தியைக் காய் நறுக்கிக்கொண்டே படித்தேன்.

விழுந்தது உண்மைதான். எழுந்ததும் உண்மைதானே? எழுந்து டிப்போ வரைக்கும் நடந்து, கேட்ட அறையை வாங்கிக்கொண்டுதானே திரும்பினோம்? என்னைப் பார்த்து ஊரே பரிதாபப்படுவதை என்னால் தாங்க முடியவில்லை. கண்காட்சிகளில் அறை முழுக்கத் திரை கட்டிப் படம் ஓட்டி என்னென்னவோ செய்கிறாயே, இதற்கு ஒரு வழி செய்.

உன் அக்கா


பிப்ரவரி 19

அன்புள்ள அக்கா,

உன் துண்டுப் படம் பல வேஷத்தில் சுற்றுகிறது. ஒன்றில் ஊரே வேறு, ஒன்றில் நீ ஏதோ ஒரு கட்சியின் தியாகி. அடுத்த கண்காட்சியில் எனக்கு ஓர் அறை தந்திருக்கிறார்கள். சுவரெல்லாம் திரை, எல்லாவற்றிலும் நீ விழுவாய். இன்றைக்கு வரலாற்றைக் கைப்பேசி எப்படி வெட்டி ஒட்டுகிறது என்பதை ஜனங்கள் கண்ணால் பார்க்கட்டும்.

முழுப் பதிவைத் தேடி, அன்றைக்கு ஊர்வலத்தைப் படமெடுத்த டிவி நிலையத்துக்குப் போனேன். அந்த டேப்பின் மேலேயே ஏதோ சமையல் நிகழ்ச்சியைப் பதிந்துவிட்டார்களாம். கவலைப்படாதே, நீ எழுந்து நடப்பதைக் கம்ப்யூட்டரில் நானே உருவாக்கிவிட்டேன். அது கடைசித் திரையில் வரும். அனுப்பியிருக்கிறேன், பார். அசல் நீயேதான்.

அன்புத் தம்பி


மார்ச் 2

அன்புள்ள தம்பிக்கு,

பார்த்தேன். அழகாக இருக்கிறது, அதுதான் தொல்லை. அவள் ராணி மாதிரி எழுகிறாள். நான் அப்படியா எழுந்தேன்? செருப்பு அறுந்து கிடந்தது. பக்கத்தில் வந்தவள் என் டிக்கெட் பையைப் பிடித்து இழுக்க, அவளும் சேர்ந்து விழ, இரண்டு பேரும் சிரித்துச் சிரித்துத்தான் எழுந்தோம். தடுப்பைப் பிடித்திருந்த போலீஸ்காரருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அவர்கள் என்னைப் பொய்யாகச் சாகடித்தார்கள், நீ பொய்யாக எழுப்புகிறாய். இல்லாத படத்தை இல்லை என்றே விட்டுவிடு. அதைப் போட்டால் நான் அந்த வாசலை மிதிக்கமாட்டேன்.

உன் அக்கா


மார்ச் 11

அக்கா,

ராப்பகலாகச் செய்த வேலை அது. அதை எடுத்துவிட்டால் நீ விழுந்ததோடு அறை முடியும். ஜனங்கள் மறுபடியும் அழுதுவிட்டுத்தான் போவார்கள். நீ பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

எடுத்துவிட்டேன். கடைசித் திரை இருட்டாக இருக்கும். 'இதற்குப் பின் பதிவு இல்லை' என்று ஒரு வரி, அவ்வளவுதான். திட்டுவதென்றால் நேரில் வந்து திட்டு.

தம்பி


ஏப்ரல் 3

என் தங்கத் தம்பிக்கு,

நேற்று உனக்குச் சொல்லாமல் கண்காட்சிக்கு வந்தேன். எந்தச் சுவரைப் பார்த்தாலும் நான் விழுந்துகொண்டிருந்தேன். விழுவதே உத்தியோகமாகிவிட்டதே என்று எனக்கே சிரிப்பு. ஆனால் சுற்றியிருந்தவர்கள் கண்ணைத் துடைத்தார்கள். நீ சொன்னதுதான் நடக்கப்போகிறது, தம்பியின் உழைப்பைக் கெடுத்துவிட்டோமே என்று நினைத்தேன்.

அப்புறம் திரைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. புல்லாங்குழல் நின்றது. உன் ஒரு வரி மட்டும் இருந்தது. யாரும் நகரவில்லை. பக்கத்தில் நின்ற கல்லூரிப் பெண் என் பக்கம் திரும்பி, "இதுக்கப்புறம் என்னங்க ஆச்சு?" என்றாள்.

அந்தப் படத்தைப் பார்த்து லட்சம் பேர் அழுதிருக்கிறார்கள். ஒருத்தர்கூட இதைக் கேட்டதில்லையடா. நீ கேட்க வைத்துவிட்டாய். இது என் தம்பி செய்தது என்று உரக்கச் சொல்ல வாய் துறுதுறுத்தது. கொஞ்ச நேரம் அடக்கினேன், பிறகு அடக்கவில்லை.

அவளிடம், "எழுந்துட்டேம்மா. உக்காரு, சொல்றேன்" என்றேன். அவள் தரையில் உட்கார்ந்தாள். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். மூடும் நேரம் என்று சொல்ல வந்த காவலாளியும் சுவரில் சாய்ந்துகொண்டு கேட்டார்.

சனிக்கிழமை அன்று ஊர்வலத்தில் வந்தவர்கள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். அந்த இருட்டுத் திரைக்கு முன்னால் நாற்காலி போட்டு வை.

உன் அக்கா